கதாநாயகன் தண்ணீரைக் குடித்துவிட்டான்

1

இந்தக் கதை எனக்கு ரவிக்கை தைக்கும் பெண்ணிடமிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு 'உங்களுக்கு எப்படித்தான் தோன்றுகிறதோ' என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

நான் உமாமகேஸ்வரி. உச்சிப்புளியில் உட்கார்ந்துகொண்டு கைபேசிச் செயலியில் காதல் தொடர்கள் எழுதுகிறேன். என் காதலர்கள் பூங்காவில் சந்திப்பதில்லை. புயலில், வெள்ளத்தில், நிலச்சரிவில், பாதியில் நின்ற லிப்டில் சந்திப்பார்கள். சாவு பக்கத்தில் வந்து நின்றால் பேச்சு சுருங்கி உண்மை வெளியே வரும் என்பது என் கட்சி. இந்தத் தொழிலில் நான் கெட்டிக்காரி. (அடக்கம் வேறு எழுத்தாளர்களிடம் கிடைக்கும்.)

சாருஜா மண்டபம் அகதிகள் முகாமில் இருப்பவள். இலங்கையில் விலைவாசி தாங்காமல் தாயோடு படகேறி வந்தவள். எங்கள் ஊர்த் தையல் கடையில் வேலை. என் தொடர்களை ஒன்றுவிடாமல் வாசிப்பாள். ஒருநாள் அளவு எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, உங்கட கதையில ஒருத்தருக்கும் உண்மையாத் தாகம் எடுக்கிறதில்லை."

"ஏன், போன தொடர்ல நாயகன் தன் பங்குத் தண்ணியவும் அவளுக்குக் குடுத்தான்ல?"

"அதைத்தான் சொல்லுறன்."

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பொன்னிற மணல் திட்டில், அலைகள் தாலாட்ட, இரண்டு அந்நிய இதயங்கள்…'

வேண்டாம். சாருஜா சொன்னபடி நடந்தது இதுதான். விடியும் நேரத்தில் படகுக்காரன் மூன்று பேரை இறக்கிவிட்டான்: சாருஜா, அவள் அம்மா குணபூஷணி, அந்தப் படகில்தான் முதன்முதலாகப் பார்த்த கோகிலன் என்ற இளைஞன். "இதுதான் ராமேஸ்வரம், நேரா நடங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் நாலாபுறமும் கடல். தனுஷ்கோடிக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் மணல் திட்டுகளில் ஒன்று அது.*

உச்சி வெயிலில் குணபூஷணிக்கு மயக்கம் வந்தது. மூவருக்கும் சேர்த்து இருந்த ஒரே பாட்டிலில் கால்வாசித் தண்ணீர். அது அம்மாவுக்கு என்று சொல்லி, அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, மாற்றுச் சேலையை நனைத்துவர சாருஜா நீரோரம் போனாள். திரும்பிப் பார்த்தாள். கோகிலன் பாட்டிலைத் தூக்கி இரண்டு மிடறு குடித்தான். மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

* மரம், குகை, ஒதுங்க ஒரு பாழடைந்த மண்டபம் எதுவும் அங்கே இல்லை. நப்பாசையில் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

3

இந்த இடத்தில் என் கணவர் வினோத்குமார் படித்துவிட்டு, "ஹீரோ தண்ணியத் திருடுனா எவ படிப்பா? நாயி குடிச்சிருச்சுன்னு எழுது" என்றார்.

"திட்டுல நாயி எங்கன இருக்கு?"

"அப்பக் கொட்டிருச்சுன்னு எழுது."

எழுதியும் பார்த்தேன். 'காற்றில் பாட்டில் சாய, கோகிலன் பாய்ந்து…' தண்ணீரோடு கதையும் கொட்டிப் போயிற்று. கோகிலன் நல்லவனாகிவிட்டான், என் பழைய நாயகர்களைப் போல. அழித்தேன்.

ஆகவே, அவன் குடித்தான். சாருஜா திரும்பி வந்தாள். ஈரச் சேலையால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். பாட்டிலை எடுத்தபோது அவனே வாய் திறந்தான்.

"அதில ரெண்டு மிடறு நான் குடிச்சிட்டன்."

"நான் கண்டனான்."

"அப்பவே கேட்டிருக்கலாம்தானே."

"கேட்டாத் தண்ணி திரும்பி வருமோ?"

மிச்சத்தை அம்மாவுக்குப் புகட்டினாள். அவன் சேலையின் இரண்டு முனைகளைப் பிடித்து, குணபூஷணிக்கு நிழலாக நின்றான். மற்ற இரண்டு முனைகளையும் சாருஜா பிடித்துக்கொண்டாள். (இங்கே ஒரு பார்வைப் பரிமாற்றம் எழுத என் கை துடிக்கிறது. இல்லை, அவள் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.) நீர் ஏறி, திட்டு சுருங்கியது. அம்மாவை இழுத்துக்கொண்டு நடுவுக்கு நகர்ந்தார்கள். வெயில் சாயும்போது ஒரு விசைப்படகில் போனவர்கள் விரித்த சேலையைப் பார்த்துக் கரைக்குத் தகவல் சொன்னார்கள். ரோந்துப் படகு வந்து ஏற்றிக்கொண்டது. குணபூஷணி பிழைத்தாள்.

4

கோகிலனும் அதே முகாமில்தான் இருக்கிறான். பெயின்ட் வேலைக்குப் போகிறான். போன வாரம், தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று சாருஜாவிடம் கேட்டிருக்கிறான்.

முடிவு அ: சம்மதிக்கிறாள். குணபூஷணி இந்தப் பக்கம். "குடிச்சதைத் தானாச் சொன்னவன், பிள்ளை. வேற எதை ஒளிக்கப் போறான்?"

முடிவு ஆ: மறுக்கிறாள். "கெட்டவர் இல்லை அக்கா. ஆனா நாளைக்கு எனக்கொரு குழந்தை பிறந்து, அதுக்கும் இப்பிடி ஒரு நாள் வந்தா?"

முடிவு இ: 'அவள் அவனை நிமிர்ந்து பார்த்து…'

பார்த்து என்ன? தெரியவில்லை. ஆனால் கலங்கவும் இல்லை. தண்ணீரைக் கொடுத்த என் நாயகர்களில் ஒருவன் பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை. இவனை மறக்க மாட்டேன். அதனால் கதை பிழைத்துக்கொள்ளும்.

நேற்று சாருஜாவிடம் படிக்கக் கொடுத்தேன். தையலை நிறுத்திவிட்டு முழுக்க வாசித்தாள்.

"முடிவ என்ன செய்யட்டும்?" என்றேன்.

"உங்கட வாசகரிட்டயே கேளுங்கோ."

"அவுக சொல்றபடி செய்வியா?"

"மாட்டன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "போத்தலை ஏன் அங்கேயே வச்சிட்டுப் போனன் தெரியுமோ அக்கா? கையில கொண்டுபோயிருந்தா நான் குடிச்சிருப்பன். அதையும் எழுதிப்போட்டுக் கேளுங்கோ."

எழுதிவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள்.