கிளெம்மின் கன்னத்து விளைச்சல்

ஆயிரம் ஆட்டுக்கு, திமிறத் திமிறப் பிடித்து மருந்து புகட்டுகிறவன் கிளெம். தன் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டுக்கொள்ள அவனுக்குத் தெரியாதா என்ன? மனைவி பெவ் "குடு, நான் விடறேன்" என்று கேட்டபோதெல்லாம் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

இப்போது டப்போ நகரத்தில், கண் டாக்டர் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தான். கண்ணழுத்தம் குறையவே இல்லை. இப்படியே விட்டால் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது, ஆபரேஷன்தான் என்றார் அந்த அம்மாள். வண்டி ஓட்டாமல், மந்தையைத் திருப்பாமல் அவன் எதற்கு இருக்க வேண்டும்?

"மருந்து தவறாம விடறீங்களா?"

"ஒரு ராத்திரி தவறல டாக்டர். எங்கம்மா மேல சத்தியம்."

"கண்ணுலதான் விழுதா?"

"பின்ன காதுலயா?"

டாக்டர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். "கன்னத்துல என்ன இது?"

இரண்டு கண்ணுக்கும் கீழே கருத்துப்போய், புசுபுசுவென்று முடி.

"வயசானா கண்ட இடத்துல முளைக்கும்" என்றான் கிளெம்.

"கண்ணு வரைக்கும் ஷேவ் பண்றான், மறுபடி முளைச்சிடுது டாக்டர்" என்று போட்டுக்கொடுத்தாள் பெவ்.

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கண்ணுக்குள்ள எந்நேரமும் தண்ணி ஊறிட்டே இருக்கும். அது வடியலன்னா அழுத்தம் ஏறும். இந்த மருந்து வடியறதுக்கு வழி பண்ணும். ஆனா பட்ட இடத்துல முடியும் வளரும். ஒழுங்கா விடறவங்களுக்கு இமை முடி நீளும். உங்க இமை அப்படியே இருக்கு. விளைச்சல் பூரா கன்னத்துல. சொட்டு விழும்போது கண்ணை இறுக்கி மூடிக்கிறீங்க."

கிளெம்முக்குக் காது சிவந்துவிட்டது. கன்னம் ஈரமானால் வேலை முடிந்தது என்றே இத்தனை நாள் நம்பியிருந்தான்.

"மூடிக்கிட்டே இருங்க, பரவால்ல. மல்லாந்து படுத்து, மூக்கோரமா கண் முனையில இவங்கள ஒரு சொட்டு விடச் சொல்லி, அப்புறம் தெறங்க. ஒரு மாசம் பாப்போம்."

அன்று சாயங்காலம் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்தான். பெவ் பக்கத்தில் மண்டியிட்டாள். மருந்துக் குப்பியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"ஏண்டி இவ்ளோ நேரம்?"

"நீ சுவத்தைத் தடவிக்கிட்டு நடக்கறத நான் பாக்கணுமா? பேசாம படு... இப்ப தெற."

திறந்தான். ஜில்லென்று உள்ளே இறங்கியது. மறுகணம் துள்ளி எழுந்தான்.

"பெவ், எரியுதுடி! இத்தனை மாசத்துல ஒருநாளும் எரிஞ்சதில்லடி!"

"நல்லா எரியட்டும்" என்று சொல்லிவிட்டு, பெவ் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.