ஞாயிற்றுக்கிழமை இருமல்

ஜூன் 25, செவ்வாய்.

இருமல் நோட்டில் ஒரு தவறு செய்திருக்கிறேன். டாலி இருமிய நாட்களுக்கு எதிரே எல்லாம் 'மருந்து' என்று எழுதிவிட்டேன். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் அன்று பூச்சிமருந்து அடித்தார்களா என்று ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

டாலி ஒன்பது வயதுப் பொமேரியன் நாய். அம்மா வளர்த்தது. அம்மா இறந்து, அண்ணன் திலீபன் மஸ்கட்டுக்குத் திரும்பிய பிறகு, இந்த வீட்டில் நான் பேசினால் காதைத் திருப்புவது அது ஒன்றுதான். மூன்று வாரமாக இருமுகிறது. ராயப்பன்பட்டியில் யார் இருமினாலும் பழி திராட்சை மருந்தின் மேல்தான் விழும். நானும் அப்படியே போட்டேன்.

நேற்று நோட்டோடு தோட்டத்துச் சொந்தக்காரர் தவசி மாமாவிடம் போனேன். வேலையாட்கள் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்துப் படித்தார்.

"ஏத்தா, ஒம்பதாந்தேதி என்ன கெழம? பதினாறு? இருவத்து மூணு?"

மூன்றும் ஞாயிறு.

"ஞாயித்துக்கெழம மருந்தடிக்க எனக்கு ஆளு ஏது? எல்லாரும் சர்ச்சுப் பூசைக்குப் போயிருவாக. ஒருவேள சாமியாரு வந்து அடிச்சாரோ என்னமோ."

ஆட்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு மறந்துவிட்டது. மருந்து இல்லையென்றால் எதனால் இருமுகிறது?

இன்று ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, டாலியைக் கூடையில் வைத்துத் தேனிக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் இவாஞ்சலின் அதன் நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன். வேறு ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டார். மாலை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும்போது டாலி பஸ் ஸ்டாப் வரை கூடவே வரும், போன மாதத்திலிருந்து பால் சொசைட்டி வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறது, நான் விட்டுவிட்டுப் போவதில் கோபம் என்று நினைத்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறதாம். இதயம் பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்துகிறதாம்.

"இத முழுசா குணமாக்க முடியாதும்மா. ஆனா மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே வந்துட்ட. மாத்திரைய நேரம் தவறாம குடுத்தா நல்லாவே தள்ளிப்போடலாம்."

காலை ஏழு, மாலை ஏழு. ஒரு வேளைகூட விடக்கூடாது. மாலை ஏழு மணிக்கு நான் உத்தமபாளையத்தில் வகுப்பில் இருப்பேன். ஆகஸ்டில் பரீட்சை. வீட்டுச் சாவியைக் கொடுக்கும்படியாக யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதப் பார்த்தேன். தவசி மாமா மனைவி சுப்புத்தாய் அத்தை பெயர் மட்டும்தான் வந்தது. அவர் கையிலிருந்து டாலி பிஸ்கட் வாங்கித் தின்னும்.

தூங்கும்போது மூச்சை எண்ணச் சொன்னார் டாக்டர். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் உடனே போன் செய்ய வேண்டும். முதல் தடவை இருபத்தாறு. சந்தேகமாக இருந்தது. மறுபடி எண்ணினேன், இருபத்து நான்கு. எது சரி என்று தெரியவில்லை. இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

நாளை: காலை ஏழுக்கு மாத்திரை. ஏழரைக்குத் தோட்டத்துக்குப் போய், ஆட்கள் இருக்கும்போதே தவசி மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு அத்தையிடம் சாவி.