ஆடு பாஸ் பண்ணிய சுவர்

பேலட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். கெமிக்கல் மூட்டை, மெஷின் பெட்டி, ஏற்றுமதி அட்டைப்பெட்டி, எது வந்தாலும் அடியில் சரக்கைத் தாங்குகிற பலகைத் தட்டாக ஒரு மரப் பேலட் இருக்கும். அதைக் குத்தித் தூக்குவதுதான் என் பிழைப்பு. தூக்கத் தெரிந்தவனுக்கு அதை வைத்துக் கட்டவும் தெரியும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது.

கட்ட வேண்டியிருந்தது என் மனைவி செண்பகத்துக்காக. ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் அப்பர் தைத்தவள் அவள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். புது மாடல் வந்தால் சாம்பிளை அவளிடம்தான் கொடுப்பார்கள். போன மார்ச்சில் முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனது. கம்பெனி பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடந்து வேலை செய்தால் தப்பில்லை என்றார். ஆனால் எங்கள் வீடு ஒரே அறை. கட்டிலைப் போட்டால் பீரோ கோபித்துக்கொள்ளும். அதில் தையல் மெஷினை எங்கே வைப்பது?

ஆறு மாதம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் என்னைக் கேலி செய்யாமல் அவளுக்கு ஒரு வேளை சோறு இறங்காது. என் தொப்பை, என் குறட்டை, நான் வாங்கி வரும் கத்தரிக்காய், எதையும் விட்டுவைக்க மாட்டாள். அது நின்றுபோனது. வீடு அமைதியானால் ஆம்பளைக்கு நிம்மதி என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அவளுடைய பழைய சூப்பர்வைசர் ஹெலன் மேடம் போன் பண்ணினார். வீட்டிலேயே தைக்கிறவர்களுக்குக் கம்பெனி மெஷின் கொடுக்கிறதாம். ஒரே ஒரு நிபந்தனை. ஈரம் படாத, பூட்டுப் போடுகிற தனி இடம் வேண்டும். தீபாவளி முடிந்து ஒரு திங்கட்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், இடம் சரியில்லை என்றால் மெஷின் பேரணாம்பட்டில் காத்திருக்கும் இன்னொருத்திக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

"பின்னாடி பத்தடி காலியாதான கீது. நான் கட்றேன்"  என்றேன்.

 அன்றைக்குச் செண்பகம் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

எங்கள் கம்பெனி குடோன் பொறுப்பு சுஹேல் பாயிடம். பின்பக்கம் பழைய பேலட் மலையாகக் குவிந்து கிடந்தது. கறுத்து, கனமாய், ஆணி அடித்தால் சுத்தியே திரும்பி வருகிற மாதிரிக் கட்டை. பார்த்ததும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"தோஸ்த், அது வேணாம். பச்சைத்தோல் குடோன் பேலட் அது. ரெண்டு வாரம் பொறு. இத்தாலி மெஷின் வருது, அதோட பேலட் தர்றேன்"  என்றார் சுஹேல் பாய்.

நல்லதைத் தனக்கு ஒதுக்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று என் புத்தி சொன்னது. "தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கக் கூடாது பாய்" என்று சிரித்து வைத்துவிட்டு, இருபத்தாறு பேலட்டை மினி லாரியில் ஏற்றினேன்.

பச்சைத்தோல் என்றால் மாட்டின் மேலிருந்து உரித்து, அழுகாமலிருக்க உப்பைக் கொட்டி அடுக்கி வைத்த தோல். அது மாதக்கணக்கில் அந்தப் பேலட் மேல்தான் கிடக்கும். வேறு ஊர்க்காரன் என்றால் மூக்கை வைத்ததுமே ஓடியிருப்பான். எங்கள் ஊரில் மூக்கு ரிட்டயர்டு ஆகி ரொம்ப நாளாகிறது. பஸ்ஸில், தெருவில், சட்டையில் எல்லாம் அதே வாசனை. நானும் கடமைக்கு மூன்று தடவை ஹோஸ் பிடித்துக் கழுவினேன். செப்டம்பர் வெயிலில் காய்ந்ததும் பலகை வெளுத்து, பொட்டுக் குறையில்லாமல் இருந்தது.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை. செங்கல் வைத்து அடி மேடை, நாலு மூலைக்குக் கால், பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்திச் சுவர், மேலே தகர ஷீட்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட அன்று போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். வாலாஜாபேட்டை மச்சான்கூட கைதட்டி அனுப்பினான். அவன் லேசில் கைதட்டுகிறவன் இல்லை.

மறுவாரத்திலிருந்து ஆடுகள் வர ஆரம்பித்தன. அடுத்த தெரு அன்வரி பேகம் அக்காவின் ஆறு ஆடுகள். மேய்ச்சலுக்குப் போகிற வழியில் திரும்பி, எங்கள் ஷெட்டின் பின்சுவரில் வரிசையாக நின்றுகொள்ளும். எனக்கு ஒரே பெருமை. "ஆட்டுக்குக்கூட நம்ம ஷெட்டு புட்ச்சிப் போச்சி பாரு" என்று செண்பகத்திடம் சொன்னேன். அவள் ஆடுகளையே பார்த்தாள். 

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. சனிக்கிழமை காலை வெறித்ததும் அன்வரி அக்கா கையில் குச்சியோடு வந்து நின்றார்.

"கோதண்டம், உன் சொவுத்துல இன்னா தடவி வெச்சிகிற? ஆடு ஒண்ணும் மேயப் போவ மாட்டேங்குது. குட்டிக்கு ரெண்டு நாளா வயிறு போவுது. பேஜாராப் போச்சி எனக்கு."

"நான் இன்னாக்கா தடவப்போறேன்? வெறும் மரம்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே செண்பகம் இடுப்பைப் பிடித்தபடி மெல்ல நடந்து பின்சுவருக்குப் போனாள். ஆடுகள் மரத்தை நக்கிக்கொண்டிருந்தன. பலகை முழுக்க வியர்வை மாதிரி முத்து முத்தாக நீர். ஆணி ஒவ்வொன்றின் கீழும் பழுப்பாய்த் துருக் கோடு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். ஷெட்டுக்குள் போய், பலகைத் தட்டில் அவள் முன்கூட்டியே கொண்டு வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து வந்து என் முன் நீட்டினாள். ஒரு வாரத்தில் துரு ஏறியிருந்தது.

"உப்பு. கல்லு உப்பு. மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியிற மாதிரி கசியிது. இதுக்குள்ள லெதர வெச்சா இன்னா ஆவும்? மெஷினு இன்னா ஆவும்?" என்றாள்.

"காஞ்சா சரியாப்பூடும்..."

"நீ சும்மா இரு!" எட்டு மாதத்தில் அவள் போட்ட முதல் கூச்சல் அது. "சுஹேல் பாய் வேணாம்னாரா இல்லியா? அவர் ஊட்டம்மா எங்கிட்ட சொல்லிட்டாங்க. உனுக்கு எல்லாம் தெரியும். எனக்கு இருந்ததே இது ஒண்ணுதான்யா."

அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். அன்வரி அக்கா குச்சியைத் தாழ்த்திக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போனார். நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. ஹெலன் மேடம் வர ஒன்பது நாள்தான் பாக்கி.

சுஹேல் பாயிடம் போய் நிற்பதற்கு என் காலுக்கு எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு டீயை முழுசாகக் குடித்து முடித்தார்.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சாவணும் தோஸ்த். நீ தின்னல, ஆடு தின்னுச்சி. இருந்தாலும் தண்ணி நீதான் குடிக்கணும்" என்றார். பிறகு தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். இத்தாலி மெஷினோடு வந்த பேலட்டுகள், இருபத்தாறு, எண்ணி அடுக்கி வைத்திருந்தார். "நீ வருவேன்னு தெரியும்."

அந்த மனுஷனைப் போய்த் தப்பாக நினைத்தேனே.

திங்கள் மாலை லாரி வந்ததும் கடப்பாரையோடு பழைய ஷெட்டைப் பிரித்தேன். இந்தத் தடவை செண்பகம் உள்ளே போகவில்லை. நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்தாள். மடியில் செய்தித்தாள், கையில் தோலில் கோடு போடுகிற சில்வர் பேனா. ஷூவுக்கு பேட்டர்ன் போடுவது போல ஷெட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பலகை எங்கே, எது எவ்வளவு நீளம், வெட்டுத்துண்டு எதற்கு ஆகும், எல்லாம் அதில் இருந்தது.

"போன தபா பலகய ஒட்ட ஒட்ட நிறுத்துன. சந்து வழியா மழை உள்ள வர யாரையும் கேக்க வேணாம்" என்றாள். "அப்பர்ல மேல் துண்டு கீழ்த் துண்டு மேல ஏறித்தான் உக்காரும். தண்ணி வழிஞ்சி கீழ பூடும். அதே மாதிரி படுக்கப் போடு. கீழேருந்து ஆரம்பி. ஒவ்வொண்ணும் அரை விரக்கட ஏறணும்."

"மரத்துக்கும் தோலுக்கும்..."

"பதினாலு வருஷம் தூக்குன. நான் பதினோரு வருஷம் தெச்சேன். யாருக்குத் துண்டு சேக்கத் தெரியும்?"

வாயை மூடிக்கொண்டு கீழேயிருந்து ஆரம்பித்தேன்.

இன்னொரு ஏற்பாடும் செய்தாள். அன்வரி அக்காவிடம் சொல்லி, தினமும் சாயங்காலம் நான் ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்துக்கு ராணி என்ற பெரிய ஆட்டைக் கயிற்றோடு வரவழைத்தாள். ஒவ்வொரு பேலட்டையும் ராணியின் முன்னால் வைக்க வேண்டும். ராணி முகர்ந்து பார்த்துத் திரும்பிக்கொண்டால் பாஸ். நாக்கை நீட்டினால் ஃபெயில். அக்கா உடனே கயிற்றை இழுத்துக்கொள்வார். நம்பினால் நம்புங்கள், அதில் இரண்டு ஃபெயில் ஆயின. எப்போதோ உப்பு மூட்டை பக்கத்தில் கிடந்திருக்கும். எங்கள் கம்பெனியில் மூன்று பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு குவாலிட்டி பார்க்கிறார்கள். இவ்வளவு சுத்தமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

நான் நான்கு மணிக்கு வந்து வெளிச்சம் இருக்கிறவரை அடிப்பேன். அவள் பேட்டர்னைப் பார்த்து நம்பர் சொல்வாள். இடையில் எழுந்து நடப்பாள், மறுபடி உட்காருவாள். வியாழக்கிழமை ஒரு பலகையைத் தலைகீழாக வைத்ததற்கு முழுசாய் ஐந்து நிமிஷம் திட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஞாயிறு மதியம் ஒரு பெரிய மழை அடித்து ஓய்ந்தது. உள்ளே போய் மூலை மூலையாகத் தடவினோம். மாவு கொட்டி வைக்கலாம், அவ்வளவு காய்ந்திருந்தது.

திங்கள் நான் லீவு போட்டிருந்தேன். காலையிலேயே கதவை இழைத்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது ஹெலன் மேடம் வந்துவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுற்றி வந்தார். பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பையிலிருந்து வெள்ளை லைனிங் துணி ஒன்றை எடுத்துச் சுவரில் தேய்த்துப் பார்த்தார். செண்பகம் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"நல்லாதான் இருக்கு. ஆனா இது பழைய மரம் செண்பகம். நம்ம ஊரு பேலட்டு எங்கெங்க கிடந்ததோ. நாளைக்கு உப்பு, கெமிக்கல் ஏதாவது கசிஞ்சா ஏற்றுமதி மால் போயிடும். நான் எதை நம்பி எழுதிக் கொடுக்கிறது?"

செண்பகம் தெருப்பக்கம் திரும்பி, "அக்கா, ராணிய இட்டுனு வாங்க!" என்றாள்.

ராணி வந்தது. மேடம் ஓரடி தள்ளி நின்றார். "உப்பு இருந்தா நக்கும் மேடம், இல்லன்னா திரும்பிக்கும்" என்றாள் செண்பகம். ராணி சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை முகர்ந்தது.  ஒரு பலகையில் கொஞ்சம் நின்றது. பிறகு தும்மிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நேராக என்னிடம் வந்தது. வியர்வை வழிகிற என் கையை முழங்கைவரை நக்கத் தொடங்கியது.

ஹெலன் மேடம் என்னையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஷெட்டு பாஸ். இவர மட்டும் உள்ள விடாத, லெதர் பாழாயிடும்" என்றார்.

செண்பகம் சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குதே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்வரி அக்காவும் சேர்ந்துகொண்டார். ராணி விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. கையை எடுக்க எனக்கு மனசே வரவில்லை. கண்ணில் வந்த தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மெஷின் வந்தது. முதல் ஜோடியைத் தைக்கிற சத்தத்தைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடிய மெஷின் சட்டென்று நின்றது.

"அங்க நின்னுக்குனு இன்னா பண்ற?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போய்க் குளி. மறுபடி ஆடு வரப்போவுது."