காலடியில் ஒரு ஹார்ன் பொத்தான்

நோம்புலெலோ அக்காவின் காரில் ஸ்டியரிங்குக்குள் வயர் அறுந்து ஹார்ன் செத்துப்போயிருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டாம், வேறொரு இடத்தில் பொத்தான் வைத்துக் கொடு என்று அவரே கேட்டார். கட்லெஹாங்கில் எங்கள் பகுதி முழுக்க முட்டை விற்பவர் அவர். பின் சீட்டைக் கழற்றிவிட்டுத் தட்டுத் தட்டாக முட்டை அடுக்கியிருப்பார். ஹார்ன் சத்தம் கேட்டால்தான் ஆட்கள் வீட்டு வாசல் கேட்டுக்கு வருவார்கள். பழைய கார், ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். திருப்பத்தில் ஒரு கையை எடுத்தால் வண்டி தன் போக்கில் போய்விடும்.

"கால்ல அமுக்குற மாதிரி ஒண்ணு வெச்சுக் குடு மொலேஃபி. எனக்குக் கை ரெண்டும் வேணும்" என்றார்.

நான் வாகன எலெக்ட்ரீசியன். வீட்டு முற்றம்தான் பட்டறை. ஹெட்லைட்டை ஏற்றி இறக்க அந்தக் காலத்து லாரிகளின் தரையில் ஒரு கால் பொத்தான் இருக்கும். அப்படி ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. கிளட்ச் பெடலுக்கு இடப்பக்கம் தரையில் துளை போட்டு அதைப் பொருத்தினேன். விரிப்புக்கு அடியில் வயர் இழுத்து, ரிலே வைத்து, ஹார்னோடு சேர்த்தேன். ஒரே குறை, ஒருமுறை மிதித்தால் கத்த ஆரம்பிக்கும். மறுபடி மிதித்தால்தான் நிற்கும்.

அக்கா நாலு முறை மிதித்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். "ஆரம்பிக்க ஒரு மிதி, வாய மூட ஒரு மிதி. இது வசதியா, இல்ல எனக்கு இன்னொரு புருஷனா?"

திங்கட்கிழமை வேறு பொத்தான் வாங்கி மாற்றித் தருவதாகச் சொன்னேன். அது வியாழக்கிழமை.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எங்கள் தெருமுனையில் நாலு பக்கமும் வண்டிகள் நின்று போகவேண்டிய சந்திப்பு ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு முன் அதே இடத்தில்தான் வுயானி ஆசிரியரைச் சுட்டுப்போட்டுவிட்டு அவர் காரைக் கொண்டுபோனார்கள். அவர் விழுந்த இடத்தில் வைத்த பூக்கள் காய்ந்து அப்படியே கிடந்தன. அங்கே அக்கா வண்டியை நிறுத்தியதும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் அவர் பக்கக் கதவைத் திறந்து துப்பாக்கியைக் காதோடு வைத்தான். இன்னொருவன் மறுபக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டான். கைகளை ஸ்டியரிங்கில் வை, அசையாதே என்றார்களாம். அக்கா கைகளை அசைக்கவில்லை. காலை அசைத்தார்.

ஹார்ன் அலற ஆரம்பித்தது. துப்பாக்கிக்காரன் ஸ்டியரிங்கைக் குத்தினான், பிடித்து இழுத்தான், நிற்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் அக்காவின் முகத்தில் அடித்தான். கன்னம் கிழிந்து பல்லோடு ரத்தம் வந்தது. இன்னும் நிற்கவில்லை. ஸ்டியரிங் நடுவிலேயே சுட்டான். குண்டு டாஷ்போர்டுக்குள் போனது. அதற்குள் கேட்டுகள் திறந்துகொள்ள, அவன் தேவாலயத்துப் பின்சந்து வழியாக ஓடிவிட்டான். மற்றவனும் குதித்தான். பதறியதில் முட்டைத் தட்டுகளை இழுத்துக்கொண்டே இறங்கியிருப்பான் போல. உடைந்த முட்டையில் கால் வழுக்கி நடுரோட்டில் விழுந்தான்.

நான் ஓடி வரும்போது கையில் வீல் ஸ்பானர் இருந்தது. அதை எடுத்தது நினைவில்லை. அதை ஓங்கியது நன்றாக நினைவிருக்கிறது. அவன் எழப் பார்த்தான். வலது முழங்காலில் அடித்தேன். எலும்பு உடைந்த அதிர்வு என் தோள்வரை வந்தது. மறுபடி அதே இடத்தில் அடித்தேன்.

பிறகு எல்லோரும் வந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். கல், விறகுக்கட்டை, செருப்பு, ஒரு பெண் கையில் கொதிக்கும் கெட்டில். என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன், விழுந்து கிடந்தவனின் விரல்களை ஒவ்வொன்றாக மிதித்தான். யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஹார்ன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவன் வாய் திறந்து திறந்து மூடியது மட்டும் தெரிந்தது. எங்களுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். அது ஓயும்வரை அடிக்கலாம் என்பதுபோல் இருந்தது.

முஸி ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். செத்துப்போன ஆசிரியரின் தம்பி. என் முற்றத்தில் கிடந்த டயர் அது. என் காதருகே வாயை வைத்து, "பெட்ரோல் எங்க வெச்சிருக்க?" என்று கேட்டான்.

நான் பட்டறைப் பக்கம் கை காட்டினேன். மேசைக்கு அடியில் என்று சைகையும் செய்தேன்.

உயிரோடு கொளுத்துவதற்காக டயரை விழுந்தவன் கழுத்தில் மாட்டி, கைகளையும் உள்ளே திணித்தார்கள். அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். கன்னத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை. ஒருவன் அவருக்கு வழிவிட்டு, நீங்களே முதலில் அடியுங்கள் என்பதுபோல் ஒரு கல்லைக் கொடுத்தான். அவர் அதைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிக் காருக்குப் போனார். குனிந்து, கையாலேயே பொத்தானை அமுக்கினார்.

சத்தம் நின்றது.

காது அடைத்ததுபோல் இருந்தது. எங்கள் மூச்சு எங்களுக்கே கேட்டது. கீழே கிடந்தவன் கத்தவில்லை. ஏதோ எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு போன் நம்பர், அவன் வீட்டு நம்பராக இருக்கும். முழுதாகச் சொல்லி முடித்து மறுபடி முதலில் இருந்து சொன்னான். இவ்வளவு நேரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். கெட்டில் வைத்திருந்த பெண் அதைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

முஸி மட்டும் பெட்ரோல் கேனோடு வந்தான். அக்கா அவன் முன்னால் நின்றார். பல் போன வாயால் பேசியது குழறியது.

"உங்கண்ணன சுட்டது இவனா முஸி? பாத்தியா நீ?"

"இவனோட ஆளுங்கதான்."

"பாத்தியான்னு கேட்டேன்."

அவன் அக்காவைப் பிடித்துத் தள்ளினான். அவர் முட்டைக் கூழில் விழுந்தார். அவன் கேனின் மூடியைத் திருகும்போது நான் அவன் கையைப் பிடித்தேன். எதற்குப் பிடித்தேன் என்று அன்று எனக்குத் தெரியாது, பிடித்தேன். "எடத்த நாந்தான காட்டுனேன், குடு இங்க" என்றேன். அவன் ஒரு அரைச் செங்கல்லை எடுத்து என் வாயில் அடித்தான். விழுந்தும் நான் கேனை விடவில்லை. கட்டிப் புரண்டோம். பெட்ரோல் எங்கள் இருவர் மேலும் கொட்டியது. அவன் என் கழுத்தை நெரித்தான். அவனைக் கொன்றால்தான் தப்பிக்கலாம் என்று நினைத்த நேரத்தில் பிடி தளர்ந்தது. என்மேல் கிடந்தபடியே அவன் அழ ஆரம்பித்தான். யாரோ அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டயரைக் கழற்றி, முட்டைத் தட்டுகளை வெளியே எறிந்துவிட்டு, அடிபட்டவனைக் காருக்குள் பின்பக்கம் கிடத்தினோம். அக்கா ஒரு கண் வீங்கி மூடிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து, உடைந்த காலை மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டேன். தூங்கிடாத, தூங்கிடாத என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் பெயர் தெரியாததால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை.

பிழைத்துக்கொண்டான். வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். போலீஸ் வந்து விசாரித்தபோது தெருவில் யாரும் எதையும் பார்க்கவில்லை. நான் போய் முழங்காலில் அடித்தது நான் என்றேன். எனக்கு ஜெயிலுக்குப் போகாமல் நிறுத்திவைத்த தண்டனை கிடைத்தது, அவனுக்குப் பத்து வருஷம். துப்பாக்கிக்காரன் அகப்படவே இல்லை. எங்கள் தெருவில் பாதிப்பேர் அக்காவிடம் முட்டை வாங்குவதை விட்டுவிட்டார்கள். முஸி என்னைக் கண்டால் அடுத்த பக்கம் கடந்துவிடுவான்.

தீர்ப்பு வந்து நாலு மாதம் கழித்து ஒரு பெண் என் பட்டறைக்கு வந்தாள். கட்லெகோவின் அக்கா என்றாள். கோர்ட்டுக்கு வெளியே ஒரு மனிதர் வாயால் அவன் பெயரை அப்போதுதான் முதல்முறை கேட்டேன்.

"கால ஒடச்சது யாரு?"

"நான்தான்."

அவள் தலையசைத்தாள். அதை முன்பே கேள்விப்பட்டிருப்பாள். "கார்ல ஒருத்தர் கால மடியில வெச்சுக்கிட்டு, தூங்காத தூங்காதன்னு சொன்னாராம். அவர பாக்கணும்னு சொல்றான். அது யாரு?"

அதுவும் நான்தான் என்பதற்குப் பதில், கையிலிருந்த வயரை மேசையில் வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் அங்கேயே கிடைத்திருக்கும். பிறகு அங்கிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.