சித்தப்பாவின் நாடி

அந்த நர்சிங் கல்லூரியின் பயிற்சி அறைக் கட்டிலில் வருடக்கணக்காகப் படுத்திருந்த ரப்பர் பொம்மைக்கு மாணவிகள் வைத்த பெயர் சித்தப்பா. ஊசி குத்தினால் கத்தமாட்டார், துடைத்துவிட்டால் கூசமாட்டார், நாடி பிடித்தால் துடிக்கவும் மாட்டார். துடிக்காத நாடியை என்னவென்று சொல்வது? எல்லோரும் எழுபத்திரண்டு என்று அடித்துவிடுவார்கள், மேடமும் தலையாட்டிவிடுவார். சித்தப்பாவைப் போல ஆரோக்கியமான ஆளை உலகத்தில் தேடினாலும் கிடைக்காது.

அன்று காலை அவரை உருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அவர் இடத்தில் படுத்துக்கொண்டவள் வாலு. அந்தப் பெயரை அவள் சும்மா வாங்கவில்லை. முந்தின நாள் கட்டுப்போடும் வகுப்பில் சித்தப்பாவின் முகம் முழுக்கத் துணி சுற்றியிருந்தார்கள். அதே துணியைத் தன் முகத்தில் சுற்றி, ஒரு கையை மட்டும் வெளியே விட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். தேர்வுக்கு ஒத்திகை பார்க்க வகுப்புத்தோழி ஆமை வருவாள், கையைத் தொடுவாள், அப்போது "பே!" என்று எழுந்தால் போதும்.

ஆமை அவளுடைய உயிர்த்தோழி. பொம்மையிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பாள். அந்த நிதானத்தாலேயே செய்முறைத் தேர்வில் இரண்டு தடவை நேரம் போதாமல் கோட்டைவிட்டிருந்தாள். அன்று பிற்பகல் மூன்றாவது தடவை. இதிலும் போனால் படிப்பே போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கதவு திறந்தது. வந்தது ஆமை இல்லை, தேர்வு வைக்கும் பெரிய மேடம்!

"பிற்பகல் எனக்கு மீட்டிங் இருக்கு. தேர்வை இப்பவே முடிச்சிடலாம், ஒவ்வொருத்தரா வாங்க" என்று வெளியே நின்ற மாணவிகளிடம் சொல்லிவிட்டு, கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

செத்தேன் என்று நினைத்துக்கொண்டாள் வாலு. எழுந்தால் கல்லூரியை விட்டே துரத்துவார்கள். எழாவிட்டால் மூக்கு அரிக்கிறது.

முதலில் வந்தவள் வகுப்பின் முந்திரிக்கொட்டை. கேட்பதற்கு முன்பே கையைத் தூக்குகிற ரகம். வாலுவின் சட்டைக் கைமேல் பட்டும் படாமலும் இரண்டு விரலை வைத்தாள், கண் முழுக்க மேடத்தின் மேல். "எழுபத்திரண்டு மேடம், சீரா இருக்கு."

அடிப்பாவி! இங்கே நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்கிறது, சீராம் சீரு! வாலுவுக்கு வந்த கோபத்தில் எழுந்து நாலு வாங்கு வாங்கியிருப்பாள். மேடம் மதிப்பெண்ணைப் போட்டு முடித்தார்.

அடுத்து ஆமை. கைகளை நிதானமாகச் சோப்புப் போட்டுக் கழுவினாள். "சித்தப்பா, நான் நர்சிங் மாணவி. உங்க நாடியைப் பார்க்கப் போறேன், கையைத் தொடட்டுமா?"

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆமை சட்டைக் கையை மேலேற்றி மணிக்கட்டில் விரல் வைத்தாள். முகத்துணியை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். பிறகு அசையாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, முழு நிமிடமும் எண்ணினாள்.

"நூத்திப் பதினெட்டு மேடம்."

"என்னது? பொம்மைக்கு ஏதும்மா நூத்திப் பதினெட்டு? எழுபத்திரண்டுன்னு சொல்லிட்டுப் போயேன்."

"நான் எண்ணினதைத்தானே மேடம் சொல்ல முடியும்? ரொம்ப வேகமா இருக்கு. டாக்டரைக் கூப்பிடணும்."

"விளையாடறியா? மூணாவது தடவை, ஞாபகம் இருக்கா? ஃபெயில் போடட்டுமா?"

ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. "போடுங்க மேடம். ஆனா டாக்டரைக் கூப்பிடுங்க."

மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார். வாலுவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முகத்துணியோடு விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "அவ சொன்னது சரி மேடம்! நான் உயிரோடதான் இருக்கேன்!"

"ஐயோ அம்மா!" பேனா ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். நாற்காலியிலிருந்து சரியப் போன மேடத்தை ஆமைதான் தாங்கிப் பிடித்தாள். பிடித்த கையோடு, "மேடம், நான் நர்சிங் மாணவி. உங்க நாடியைப் பார்க்கட்டுமா?" என்றாள். முழு நிமிடம் எண்ணினாள். மேடம் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நூத்தி முப்பது மேடம். கொஞ்ச நேரம் எழுந்திருக்காதீங்க."

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆமைக்குத் தேர்ச்சி என்று எழுதினார் மேடம். முந்திரிக்கொட்டைக்குப் போட்டதை அடித்தார். வாலுவைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

"இந்த வருஷம் முழுக்க நீதான் பொம்மை. வகுப்பு மொத்தமும் உன் மேலதான் பழகும். நாளைக்கு மூக்குல டியூப் விடற பாடம்."

வெளியே வந்ததும் ஆமையின் கையைப் பிடித்து இழுத்தாள் வாலு. "நான்னு உனக்குத் தெரியலையாடி?"

"கையைத் தொட்டதுமே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் எழுபத்திரண்டுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நீயும் பாஸ், நானும் தப்பிச்சிருப்பேன்!"

ஆமை அவளை முறைத்தாள். கண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை. "சொல்லியிருப்பேன். உனக்கு நிஜமாவே உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தா?"