பெரிய பாதி

மீனலோசனியின் கையைச் சுற்றியிருந்த பிரசர்ப் பட்டியின் காற்று முழுவதும் இறங்கியதும் தாதி கஜானி நிமிர்ந்து சிரித்தாள்.

“நூற்றிமுப்பதுக்கு எண்பது! இவ்வளவு நாளும் இறங்காத பிரசர். என்ன செய்தனீங்கள், அம்மா?”

மீனலோசனி சேலைத் தலைப்பைக் கையின்மேல் இழுத்துவிட்டார். கணவர் அப்புத்துரையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் கிளினிக்குக்கு வந்திருக்கும் முதல் நாள் அது.

அப்புத்துரைக்கும் அதே பிரசர் வருத்தம்தான். தென்னிலங்கையில் கடை நடத்திய மனிதர். புங்குடுதீவு ஆஸ்பத்திரி மர வாங்கில் இலக்கத்துண்டுடன் உட்கார்ந்து காத்திருப்பதைத் தமது மதிப்புக்குக் குறைவாகவே கருதினார். “ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம்தானே. நீர் எடுத்துக்கொண்டு வாரும், பாதி பாதியாய்ப் போடுவம்,” என்பார். மீனலோசனி ஒவ்வொரு காலையும் குசினிக் கத்தியால் தமக்குத் தந்த மருந்துக் குளிசையைப் பிளந்து, பெரிய பாதியை அவரது தேநீர்க் கோப்பையருகே வைப்பார். அதை அன்பென்றே நம்பியிருந்தார். அப்புத்துரை கிணற்றடியில் ஒரு பக்கம் இழுத்து விழுந்த காலையிலும் பெரிய பாதியைத்தான் வைத்திருந்தார். முழுதாகக் கொடுத்திருந்தால் என்ற நினைப்பு, இப்போது முழுக் குளிசையை விழுங்கும்போதெல்லாம் தொண்டையில் நின்றது.

“எல்லாருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ, அம்மா.” கஜானி அவரது முழங்கையைப் பற்றி, வாங்குகளின் பக்கம் திருப்பினாள்.

“உப்பை விட்டிருப்பா,” என்றார் முன்வாங்கிலிருந்த கனகசபை. “என்னை விடச் சொல்லாதை, பிள்ளை. ஊறுகாய் இல்லாட்டி நான் பிரசருக்கு முன்னமே போயிடுவன்.”

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த, இறுப்பிட்டி ஊர்த் துஷாந்தியும் சிரித்தாள். “என்ரை மனுசன் இஞ்சை வரவே வெக்கப்படுறார். என்ரை குளிசையிலை பாதி குடுக்கிறனான். அவருக்கு அது போதும்.”

உப்பைக் குறைத்தேன் என்று சொன்னால் போதும். கஜானி மகிழ்வாள், ஊர் அப்புத்துரையைப் பழைய முதலாளியாகவே நினைத்திருக்கும். மீனலோசனி துஷாந்தியைப் பார்த்தார். சின்ன வயது, மடியில் ஒரு பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது.

“உப்பில்லை, பிள்ளை.” குரல் தமக்கே அந்நியமாகக் கேட்டது. “இவ்வளவு நாளும் நான் பாதிதான் போட்டனான். மற்றப் பாதி அவருக்கு. இப்ப பங்கு கேக்க ஆளில்லை.”

கனகசபை தலையைக் குனிந்துகொண்டார். கஜானியின் விரல்கள் முழங்கையிலிருந்து நழுவின. துஷாந்தியின் உதட்டில் மட்டும் அந்தச் சிரிப்பு, போக வழி தெரியாமல் அப்படியே நின்றது. அவளுடைய கண்கள் யன்னலுக்கு வெளியே, தன் வீட்டுப் பக்கம் போகும் வெறும் வீதியில் யாரையோ தேடிக்கொண்டிருந்தன.