இந்த முறை என் பங்கு

மிஃப்லெ அன்று சொன்னது ‘இந்த முறை’ என்றா, ‘இந்த வருஷம்’ என்றா? நாற்பது வருடமாக எனக்குள்ளேயே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் ஒன்று காதில் விழுகிறது, சில நாள் மற்றது. வெயில், மேசை, அவன் மீசையில் ஒட்டியிருந்த உமி எல்லாம் தெளிவாக இருக்கின்றன. அந்த ஒரு சொல் மட்டும் கலங்கிக் கிடக்கிறது. கலக்கியது நான்தானோ என்னவோ.

நான் ரஹமீம். திபேரியாவில் பிறந்த யூதன். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அரபியும் பேசுவோம். அப்பா அயின் சர்சூர் கிராமத்தில் கோதுமை வாங்குவார். அவரோடு போய்ப் போய் மிஃப்லெ எனக்குச் சிநேகிதனானான்.

அந்த ஊரில் யாருக்கும் தனி வயல் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, முதல் மழை பெய்ததும், குடித்தனக்காரர்கள் இருபத்து மூன்று பேரும் ஆளுக்கொரு அடையாளத்தைப் பையில் போடுவார்கள். ஒருவனுக்கு மோதிரம், ஒருவனுக்கு ஆட்டுக்கொம்புத் துண்டு. மிஃப்லெ போடுவது உடைந்த ஏர்க்கொழுவின் இரும்பு முனை. பள்ளிவாசலில் ஓதும் கண் தெரியாத கிழவர் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பார். வரும் வரிசைப்படி வயல். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோரையும் சுற்றி வரவேண்டும். மிஃப்லெக்கு அநேகமாக வடக்கே இருக்கும் கல்காடுதான் விழும்.

“கிழவருக்குக் கண்ணு தெரியலன்னு எவன்டா சொன்னது? என் இரும்ப மட்டும் தடவித் தடவி அந்தக் கல்காட்டுக்குன்னே எடுக்கறாரு” என்பான்.

ஊர் நிலத்தின் பத்திரம் பெய்ரூத்தில் ஒரு பணக்காரரிடம் இருந்தது. விளைச்சலில் ஒரு பங்கு அவருக்குப் போகும். அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் நிலத்தை யூதக் குடியேற்றச் சங்கம் ஒன்றுக்கு விற்றபோது, விற்ற செய்தியே ஊருக்குக் கடைசியாகத்தான் வந்தது.

சங்கத்தின் ஆள் ஸெலிக், ரஷ்யாவிலிருந்து வந்தவன். அரபி தெரியாததால் மொழிபெயர்க்க என்னை வைத்துக்கொண்டான். “வேல முடியட்டும். உனக்கும் ஒரு வீடு, ஒரு வயல்” என்றான். கல்யாணமாகி மூன்று வருடமாக அண்ணன் வீட்டில் ஒரு திரைக்குப் பின்னால் நானும் மனைவியும் படுத்துக்கொண்டிருந்த காலம் அது.

நிலத்தைத் தொடர்ந்து உழுதவன் என்று ஒருவனைப் பற்றி முடிவானால், அவன் பிழைக்க அங்கேயே ஒரு துண்டு விடவேண்டும் என்பது அப்போது ஆண்ட ஆங்கிலேயரின் சட்டம். அதை விசாரிக்க ஓர் ஆங்கிலேய அதிகாரி வந்தார். அவர் வருவதற்கு முன் மிஃப்லெ என்னிடம் கேட்டான்.

“என்ன சொல்லணும்டா?”

“உள்ளதச் சொல்லு. போதும்.”

களத்தில் மேசை போட்டிருந்தார்கள். முதல் ஆள் மிஃப்லெ.

“இந்த வயல் உன்னோடதா? எத்தன வருஷமா உழறே?” என்று அதிகாரி கேட்டதை அரபியில் சொன்னேன்.

மிஃப்லெ நெஞ்சில் கைவைத்து மற்றவர்கள் பக்கம் திரும்பினான். “இந்த முறை என் பங்கு. அடுத்த முறை யாருக்கு விழுதோ. ஊருக்குப் பொதுவானத என்னோடதுன்னு சொல்லிட்டு இவனுங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?”

“அப்படிப் போடு அபூ நவ்வாஃப்! கல்காடு வேணாம்னு நேராவே சொல்லேன்!” என்று மிஃப்லெயை அவன் மகன் பெயரால் அழைத்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். ஸெலிக் பார்க்கவில்லை. நகத்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“இந்த வருஷம்தான் உழறானாம். அடுத்த வருஷம் வேற யாரோ. தன்னோடது இல்லையாம்” என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். மற்ற இருபத்திரண்டு பேரும் மிஃப்லெயைப் போலவே நெஞ்சில் கைவைத்து அதையே சொன்னார்கள். ஐந்தாவது ஆளுக்கு மேல் நான் காதுகொடுத்துக் கேட்கவும் இல்லை.

யாருக்கும் துண்டு நிலம் இல்லை என்று தீர்ப்பாகி, இலையுதிர் காலத்தில் ஊரைக் காலிசெய்யக் காவலர்கள் வந்தார்கள். மிஃப்லெயின் மனைவி ஃபித்தா அடுப்பிலிருந்த ரொட்டியை எடுக்க ஓடினாள். “விடு, புதுசா வர்றவங்க தின்னுக்குவாங்க” என்றான் வெள்ளைக்காரக் காவலன். அதையும் அவளுக்கு அரபியில் சொன்னேன். அதைச் சொல்லும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

புதிதாகக் குடியேற வந்தவர்களும் வயலைக் குலுக்கித்தான் பிரித்தார்கள். ஸெலிக்கின் தொப்பியில் சீட்டுப் போட்டோம். எனக்கு வடக்கே கல்காடு விழுந்தது.

இரண்டாம் வருஷம், முதல் மழைக்கு மறுநாள் காலை, மிஃப்லெ எங்கள் குடியேற்றத்தின் வாசற்கதவுக்கு வந்தான். கையில் அந்தப் பை. பின்னால் கழுதைமேல் கண் தெரியாத கிழவர்.

“முறை வந்துருச்சு ரஹமீம். குலுக்கணும். உங்காளுங்களும் ஆளுக்கொண்ணு போடட்டும், எங்களோடதும் கெடக்கட்டும். எது விழுதோ அது.”

ஸெலிக் இரண்டு ஆட்களுடன் துப்பாக்கியோடு வந்தான். “என்ன சொல்றான்?”

வடக்கே பார்த்தேன். கல் பொறுக்கி முடித்து, விதைக்கக் காத்திருந்தது என் வயல்.

“நிலத்தத் திருப்பி எடுத்துக்க வந்திருக்கானாம்.”

துப்பாக்கிக் கட்டையால் மிஃப்லெயின் வலது கையை நான்கு இடத்தில் உடைத்தார்கள். பை கிழிந்து அடையாளங்கள் சிதறின. கிழவர் கழுதையிலிருந்து இறங்கிச் சேற்றைத் துழாவி ஒன்றை எடுத்தார்.

“மிஃப்லெ, உன் இரும்புதான் மொதல்ல வந்திருக்கு. எந்த வயல்னு கேளு” என்றார்.

கிழவர் அந்தக் குளிர்காலத்திலேயே இறந்தார். மிஃப்லெ ஹைஃபாவில் ஒரு தகரக் கொட்டகையில் ஒற்றைக் கையோடு ஆறு வருடம் கிடந்து செத்தான். அவன் மகன் நவ்வாஃப் ஸெலிக்கை அதே வாசலில் சுட்டுக் கொன்றான். அவனைத் தூக்கில் போட்டார்கள். ஃபித்தா நாற்பத்தெட்டில் லெபனானுக்குப் போனாள் என்று கேள்வி. அதே வருஷச் சண்டையில் என் மூத்த மகன் கல்காட்டில் விழுந்தான். பெய்ரூத்துக்காரர் படுக்கையில், முதுமையில் இறந்தார். வயலை நான் இன்னும் உழுகிறேன்.